பழைய வீட்டை இடிக்கப்போகிறவர்களுக்கு ஒரு மடல்

மதுரை மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் பழைய வீடு வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போயிருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1996-இல் திறந்த இடம். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கூட்டமெல்லாம் செட்டிநாட்டு வீட்டில்தான், போட்டோவுக்கு. நான் நின்றுவிட்டது கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளி மரவீட்டில். ஒரு மரத்தில் காடி என்கிற பள்ளம் வெட்டி, அடுத்த மரத்தின் கழுந்து என்கிற முனையை அதில் மாட்டிச் சேர்க்கிற இந்த மாதிரி வேலையில் ஒரு வசதி உண்டு. துண்டுக்குத் துண்டு எண் போட்டுக் கழற்றி, வேறு ஊரில் பூட்டினால் அதே வீடு நிற்கும். ஸ்வீடனில் 1891-இல் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகம் தொடங்கியதும் மரவீடுகளை இப்படி நகர்த்தித்தான்.

நம் ஊர் வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை பாதிதான். செங்கல், சுண்ணாம்புச் சுவர் கடப்பாரை பட்டால் குப்பை. மிஞ்சுவது தேக்குத் தூண், தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை, உத்திரம், நிலை, கதவு. அதையும் உதிரியாக விற்கிறோம். கதவு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைக்கு, தூண் ஏதோ ரிசார்ட்டுக்கு, போதிகை எங்கேயோ. அப்புறம் எந்தத் தூண் முற்றத்தில் நின்றது, எது திண்ணையில் நின்றது என்று யார் சொல்வது? 1636-இல் திருமலை நாயக்கர் கட்டிய மகாலையே அவர் பேரன் சொக்கநாதர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். இங்கே நிற்பது கால்வாசி. போனது எப்படி இருந்தது என்று இன்றும் ஊகம்தான்.

விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஐந்தாறு பங்காளி, கரையான், ஒழுகுகிற மச்சு. மழைக்குப் பாத்திரம் வைப்பது நீங்கள்தான், நானில்லை. கேட்பது இவ்வளவே. இடிப்பு ஆளுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு வீட்டை அளந்து வரைய விடுங்கள். தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். மரத்தில் சாக்பீஸ் வேண்டாம், அழிந்துவிடும். தகரத் துண்டில் எண் அடித்துத் தொங்கவிடுங்கள். தூணையும் அதன் போதிகையையும் ஒரே ஆளுக்குக் கொடுங்கள், வரைபடத்தின் நகலையும் சேர்த்து. விலை கொஞ்சம் குறையலாம், சரி.

அப்படிச் சேர்ந்த மரத்தை மதுரைப் பக்கம் எங்கே நிறுத்துவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஆட்சியருக்குத் தனியாக எழுதுகிறேன். எழுதும்போது, மரம் கொடுக்க நாலு வீட்டுக்காரர்கள் தயார் என்று சொல்ல உங்கள் சம்மதம் வேண்டும்.

இப்படிக்கு,
மதுரைக்காரன் ஒருவன்