வானதியும் தேக்கோங் தீவும்

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களும் வந்து மூன்று வாரமாகிவிட்டது. பதில் வரவில்லையே என்று பெர்த்திலிருந்தபடியே திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, பரவாயில்லை. போன செவ்வாய்க்கிழமை அரவிந்தைத் தேசிய சேவைக்கு, அதுதான் பையன்களுக்கு மட்டும் லெட்டர் வரும் கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, கொண்டுபோய் விட்டோம். அதற்கு முந்தைய பதினைந்து நாளும் வீடு கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. அத்தை, சித்தப்பா, கீழ்வீட்டுச் சீனப் பாட்டி வரை வந்து அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். பாட்டி சிவப்பு உறையில் பணம் வைத்து ஓர் அங் பாவும் கொடுத்தார். அவன் கேட்டதையெல்லாம் சமைத்துப் போட்டு என் இடுப்பு ஒடிந்தது.

அந்த நாள் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டும், உனக்கு இரண்டும் பெண்கள். பேருந்து, அப்புறம் படகு. தேக்கோங் தீவில் ஒரு பெரிய மண்டபத்தில் பையன்கள் வரிசையாக நின்று வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார்கள். என் பையன் எந்த வரிசையில் என்று தேடுவதற்குள் அது முடிந்தே போனது. உணவுக்கூடத்தில் எங்களுக்கும் சாப்பாடு போட்டார்கள். கோழியில் காரம் போதாது, மற்றபடி குறை சொல்ல முடியாது. நாங்கள் படகேறிய பிறகுதான் தலையை மழித்தார்களாம். அதைப் பார்க்கவிடாமல் எங்களை அனுப்பியது நல்லதுதான். அவன் அப்பா, திரும்பும் வழியெல்லாம் தன் காலத்துத் தேக்கோங் கதையை நாலாவது முறையாகச் சொன்னார்.

கயல் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று, "அண்ணனுக்கு லெட்டர் வந்துச்சு, அதனால எல்லாரும் கை தட்டுறாங்க. லெட்டர் வராதவங்க என்னம்மா செய்யிறது?" என்றாள். பதினைந்து வயசு, விளையாட்டாகத்தான் கேட்டாள். உன் அத்தியாயங்கள் என் பையில்தான் இருந்தன. எனக்குச் சுருக்கென்றது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "என் நாயகி மூன்று அத்தியாயமாக மாட்டேன் மாட்டேன் என்றே சொல்கிறாள், படிப்பவர்களுக்கு அலுக்குமா?" என்று கேட்டிருந்தாய். அலுக்கிறது, மல்லிகா. முனிவர் வந்து நீதான் அந்தப் பெண் என்கிறார், அவள் நான் சாதாரணப் பெண் என்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் கிளி வந்து அதையே சொல்கிறது, அவளும் அதையே சொல்கிறாள். ஏன் மாட்டேன் என்கிறாள் என்பது எனக்குக் கடைசிவரை புரியவில்லை. ஒரு பையனுக்காகத் தைத்த சட்டையை அவளுக்குப் போட்டுவிட்டது போல இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே, நீ கேட்டதால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இந்த வழக்கு வருஷக்கணக்காக நடக்கிறது. அரவிந்த் ஹாரி பாட்டர் கட்சி, கயல் ஹங்கர் கேம்ஸ் கட்சி. சாப்பாட்டு மேசையில் நடுவராக உட்கார்ந்து உட்கார்ந்து நானும் இரண்டையும் படித்துவிட்டேன். ஹாரியைப் பற்றிய தீர்க்கதரிசனம், ஜூலை முடியும் நேரத்தில் பிறக்கும் ஒரு பிள்ளையைச் சொல்கிறது. ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில் பிறந்தது 30ஆம் தேதி, ஹாரி 31ஆம் தேதி. இரண்டு பேருக்குமே பொருந்தும். வில்லன் போய் ஹாரியின் தொட்டிலை எட்டிப் பார்த்தான், அதனால் ஹாரி. "அவனும் ஆசைப்பட்டு வரலையேம்மா, அப்புறம் என்ன வித்தியாசம்?" என்பது அரவிந்தின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பையனுக்காக ஒரு பள்ளிக்கூடமே காத்திருக்கிறது. கடிதத்தைக் கிழித்தால் இன்னொன்று வருகிறது, ஒளித்தால் நூறு வருகின்றன, கடைசியில் ஒரு ராட்சத மனிதர் கையோடு கொண்டுவந்து கொடுக்கிறார். அவன் தயங்கினால் தேற்றுவதற்குப் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவன் கூடவே வரும் ஹெர்மயனி, பெற்றோரைக் காப்பாற்றுவதற்காகத் தன்னைப் பற்றிய நினைவையே அவர்கள் மனதிலிருந்து அழித்துவிட்டுக் கிளம்புகிறாள். அவளுக்கு எந்த வாக்கும் வந்ததில்லை. கடைசிப் புத்தகத்தில் என்னை அழவைத்தது அந்த இடம்தான்.

ஹங்கர் கேம்ஸ் நாயகி காட்னிஸ் விஷயம் வேறு. அவள் ஊரில் பிள்ளைகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் கண்ணாடிக் குடுவையில் போட்டுக் குலுக்குகிறார்கள். வந்தவர் சாவு விளையாட்டுக்குப் போகவேண்டும். 16 வயதுக் காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது. வீட்டுக்குத் தானியமும் எண்ணெயும் வாங்குவதற்காகப் பெயரைக் கூடக்கூட எழுதிக் கொடுத்திருக்கிறாள், நம் அம்மாக்கள் நகையை அடகு வைத்த மாதிரி. தங்கைக்கு 12 வயது, அவள் பெயர் ஒரே சீட்டில். வந்து விழுந்தது அந்த ஒன்று. "நான் போகிறேன்" என்று காட்னிஸ் கத்துகிறாள். உலகத்தைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் அப்போது அவளுக்குக் கிடையாது. பட்டமும் சின்னமும் பிற்பாடு ஊரார் ஒட்டியவை. மூன்றாம் புத்தகத்தில் அவளுக்கு உடை மாட்டி, ஒளிப்பதிவுக் கூடத்தில் நிறுத்தி வசனம் பேசச் சொன்னால் பரிதாபமாகச் சொதப்புகிறாள். அதைப் படித்தபோதுதான் இவளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது.

கண்ணகிதான், வேறு யார்? உயர்நிலைப் பள்ளியில் நாம் படித்த சிலம்பை நினைத்துப் பார். கோவலன் "மாசறு பொன்னே" என்று அடுக்கிக்கொண்டே போகிறான், அவள் ஒரு வார்த்தை பதில் சொன்னதாக இல்லை. அவன் பிரிந்த பிறகு தோழி தேவந்தி வந்து, குளத்தில் மூழ்கிக் காமனைத் தொழுதால் கணவனோடு சேரலாம் என்கிறாள். கண்ணகி சொல்வது ஒரே சொல்: "பீடன்று", அது பெருமை இல்லை என்று. அவன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்து நின்றபோது, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதையும் சுருக்கமாகத்தான் சொல்கிறாள். இப்படிச் சொல்லை எண்ணி எண்ணிப் பேசியவள்தான் பாண்டியன் சபையில் "தேரா மன்னா" என்று தொடங்குகிறாள். எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருப்பது அதற்கு அடுத்தது. ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது மதுராபதித் தெய்வம் வருகிறது, அதுவும் முன்னால் நிற்கத் துணியாமல் பின்பக்கமாக. வந்து கோவலனின் முற்பிறப்புக் கதையையும், மதுரை எரியும் என்று முன்பே வாக்கு இருந்ததையும் சொல்கிறது. பையன்களுக்கு அந்த வாக்கு பிறக்கும்போதே வந்துவிடுகிறது. கண்ணகிக்கு எல்லாம் முடிந்த பிறகு வருகிறது. அதற்குள் அவள் செய்யவேண்டியதைச் செய்துவிட்டாள்.

நீ உடனே பாஞ்சாலியைச் சொல்வாய். ஒப்புக்கொள்கிறேன், அவள் வேள்வித்தீயில் பிறந்த அன்றே, இவளால் க்ஷத்திரியர் அழிவார்கள் என்று அசரீரி சொல்லிவிட்டது. அவளுக்கு லெட்டர் வந்தது. தீபாவளிக்கு முன்னால் தீமிதி பார்க்கப் போயிருந்தேன். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரை மஞ்சள் வேட்டியோடு நடந்து வந்து பூக்குழியில் இறங்குகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். விழாவோ பாஞ்சாலிக்கு. கயல் என்னைப் பார்த்தாள், நான் பால்குடம் எடுத்து வந்த பெண்களைப் பார்த்தேன். அந்தப் பேச்சை அப்போது வளர்க்கவில்லை.

உன் நாயகிக்கு உண்மையில் உதவக்கூடியவள் வானதி என்று நினைக்கிறேன். நாம் நூலகத்தில் பொன்னியின் செல்வனை இரவல் வாங்கிப் படித்தது ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் பாகம் மட்டும் எப்போதும் யாரிடமாவது இருக்கும். பொறுக்கமுடியாமல் நாலாம் பாகத்துக்குத் தாவிவிட்டு, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று பேருந்தில் நாமே கதை கட்டினோம். அப்போது வானதியை நமக்குப் பிடிக்காது. எதற்கெடுத்தாலும் மயக்கம் போட்டு விழுகிறாளே என்று கேலி செய்தோம். போன மாதம் மறுபடி படித்தேன். படகுக்காரி பூங்குழலி, நீ அரியணைக்காகத்தானே இளவரசர் அருள்மொழியை விரும்புகிறாய் என்று குத்திக் காட்டுகிறாள். அந்த மயக்கப் பெண் அங்கேயே சபதம் செய்கிறாள், அவரை மணந்தாலும் சிங்காதனத்தில் உட்காரமாட்டேன் என்று. அருள்மொழியும் மகுடத்தை மறுக்கிறான். சூடவேண்டிய நேரத்தில் அதை எடுத்து உத்தம சோழன் தலையில் வைத்துவிடுகிறான். கையில் சங்கு சக்கர ரேகையோடு பிறந்தவன், ஊரே நீதான் என்று சொன்னவன், அவன் வேண்டாம் என்றதும் அது தியாகச் சிகரமாகி ஐந்தாம் பாகத்துக்கே தலைப்பாகிவிட்டது. வானதி வேண்டாம் என்றது, தனக்கு ஆசை இல்லை என்று நிரூபிப்பதற்காக. நிரூபிக்காவிட்டால் சூழ்ச்சிக்காரி நந்தினி பக்கம் தள்ளிவிடுவோமோ என்னவோ. அரியணைமேல் வெளிப்படையாகக் கண் வைத்த பெண்ணை அந்தக் கதையில் எந்த இடத்தில் வைத்திருக்கிறது, பார்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல நினைத்தேன். காரணம் இல்லாமல் மாட்டேன் என்று சொல்லும் நாயகி, "நான் பேராசைக்காரி இல்லை, என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று வாசகரிடம் அனுமதிச் சீட்டு கேட்கிறாள். உன்னுடையவள் அதைத்தான் செய்கிறாள். அவளுக்கு அது வேண்டாம்.

ஒன்று சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள். எங்கள் பணிப்பெண் அவள் அம்மாவுக்கு முடியவில்லை என்று இந்தோனேசியாவுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. மாமியாருக்கு ராத்திரி எட்டு மணி இன்சுலினை நான்தான் போடுகிறேன். அரவிந்துக்கு விருந்து வைத்த அன்று கூடத்தில் கேக் வெட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். மணியைப் பார்த்தால் எட்டு பத்து. அலறி அடித்துக்கொண்டு அறைக்கு ஓடினேன். கயல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பாட்டியின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்தபடி, உதடு அசையாமல் பத்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஊசி இன்னும் உள்ளே இருந்தது. எண்ணி முடிக்கும்வரை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாருடி உன்னைச் செய்யச் சொன்னது?" என்று முதலில் சத்தம்தான் போட்டேன். இன்சுலின் பேனாவைப் பிடுங்கிப் பார்த்தேன். புது ஊசி, முதலில் இரண்டு யூனிட் வெளியே விட்டுச் சரிபார்த்திருக்கிறாள், அப்புறம் 14. பாட்டியும் எண்ணைப் படித்துப் பார்த்தாராம். எல்லாம் சரி. "மணியாச்சு. பாட்டி சாப்பிடணும். நீங்க கேக் வெட்டிக்கிட்டு இருந்தீங்க" என்றாள். கை கழுவும்போதுதான் அவளுக்கு உதறல் எடுத்தது. "எனக்கு இது பிடிக்கலை. இனிமே செய்ய மாட்டேன். நாளைக்கு நீங்களே போடுங்க" என்று அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் எட்டு மணிக்கு நான் குளிர்பெட்டியைத் திறந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். முகம் உர்ரென்றுதான் இருந்தது.

உன் நாயகியின் மாட்டேன் இப்படி இருக்கலாமே. முனிவர் வரும் நேரத்தில் அவள் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறாள்? அவள் போய்விட்டால் அதை யார் செய்வார்கள்? கிளியை விட்டுவிடு, அது எனக்கும் கயலுக்கும் பிடிக்கவில்லை. அப்புறம், அவளுக்கு ஏதாவது ஒன்றின்மேல் ஆசையும் இருக்கட்டும். அரியணைமேல்தான் ஆசை என்றாலும் எனக்குச் சம்மதம். நந்தினியை ரகசியமாக ரசித்தவர்கள்தானே நாம் இரண்டு பேரும்.

இங்கே வேறு பெரிய செய்தி இல்லை. அரவிந்துக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வெளியே வர அனுமதி. வரும்போது ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வருவான் என்று அவன் அப்பா எச்சரித்திருக்கிறார். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பெரியவளுக்கு வேலை கிடைத்ததா? நாலாம் அத்தியாயத்தை எழுதியதும் அனுப்பு, திருத்தாமலே அனுப்பு.

அன்புடன்,
சாந்தி

பி.கு.: பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் சொந்தமாக வாங்கிவிட்டேன். பிரித்துப் படித்தபின் அலமாரியில் அடுக்கி வைத்தேன். நேற்று பார்த்தால் மூன்றாம் பாகத்தைக் காணோம். தேடியதில் கயலின் தலையணைக்கு அடியில் இருந்தது.