சூசோக் பலகாரத்துக்கு எந்த மாவு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொரியர்களின் அறுவடைத் திருநாளான சூசோக் 2026இல் செப்டம்பர் 25 அன்று வருகிறது. அவர்களின் சந்திர நாட்காட்டிப்படி எட்டாம் மாதப் பௌர்ணமி. அன்றைய பலகாரமான, பூரணம் வைத்துப் பிறைவடிவில் பிடிக்கும் சோங்பியோன் செய்ய நம் கடையில் பலர் ஒட்டரிசி மாவை எடுத்துப் போகிறீர்கள். அது வேண்டாம். ஆவியில் வைத்ததும் இளகி, பிறைவடிவம் போய்ச் சப்பையாகிவிடும். சாதாரண அரிசி மாவுதான் வேண்டும். அதிலும் ஊறவைத்து ஈரத்தோடு அரைத்த மாவு. குளிர்பெட்டியில் இருப்பது அதுதான். வறுத்த இடியாப்ப மாவில் செய்தால் விளிம்பு ஒட்டாமல் விரிசல் விடும்.

அரைக் கிலோ ஈர மாவுக்குக் கொதிநீர் சுமார் 8 முதல் 10 மேசைக்கரண்டி. ஒரேயடியாக ஊற்றாதீர்கள். கொதிநீர் பட்டு மாவு கொஞ்சம் வெந்தால்தான் இழுவை வரும், பச்சைத் தண்ணீரில் வராது. பத்து நிமிடமாவது அழுத்திப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடுங்கள். பூரணத்துக்கு வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த எள், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, பிடிக்கக் கொஞ்சம் தேன். தேன் கூடினால் வேகும்போது ஒழுகிவிடும். நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிய உருண்டையில் குழி செய்து, அரைத் தேக்கரண்டி பூரணம் வைத்து மூடி, கைக்குள் வைத்து நாலைந்து முறை இறுக்கிப் பிடியுங்கள். உள்ளே காற்று நின்றால் ஆவியில் வெடித்துவிடும். அதன்பிறகுதான் பிறை வடிவம். கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கைக்கு இது எளிது.

தட்டில் பைன் ஊசியிலை பரப்பி, ஆவி நன்றாக வந்தபின் 20 நிமிடம். இலை வாசனை தரும், ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கும். சாலையோர மரத்தில் பறிக்காதீர்கள், பூச்சிமருந்து இருக்கலாம். இலை கிடைக்காவிட்டால் ஈரத்துணி போதும். இறக்கியதும் குளிர்ந்த நீரில் சட்டென அலசி, நல்லெண்ணெய் தடவுங்கள். மேல்பரப்பு இறுகி மென்றால் இழுக்கும். கொரிய எண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, நம் செக்கு எண்ணெயைவிட வாசனை தூக்கல். குறைவாகவே தடவுங்கள்.

கொரியாவில் அன்று காலை முன்னோர் படையலுக்குப் பெயர் சார்யே. புத்தரிசியில் செய்த சோங்பியோன், அரிசி மது, பழங்கள், சேப்பங்கிழங்கு சூப் எல்லாம் வரும். பீச் பழமும் பூண்டும் மிளகாயும் சேர்ப்பதில்லை. எனவே படையலுக்கென்று சிவப்புக் கிம்ச்சி (மிளகாய் சேர்த்துப் புளிக்கவைத்த கொரியக் காய்கறி ஊறுகாய்) கேட்பவர்களுக்கு நாங்கள் மிளகாய் சேராத வெள்ளைக் கிம்ச்சியையே எடுத்துத் தருவோம். முன்பே கல்லறையில் களை வெட்டிவிடுவார்கள், படையல் முடிந்ததும் அங்கே போய் வணங்குவார்கள்.

'சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளைப் பழம் மேற்கே' என்று மேசை முழுக்க விதி சொல்பவர்கள் உண்டு. சியோலில் உள்ள கன்பியூசிய மரபு நிறுவனமான சங்க்யுன்குவானின் சடங்குக் குழு 2022இலேயே இதற்கு நூல் ஆதாரமில்லை என்றது. ஒன்பது வகை போதும், எண்ணெயில் பொரித்தது கட்டாயமில்லை என்றும் அறிவித்தது. சமையலறையில் நாள் முழுக்க நின்ற மருமகள்களுக்கு இது தாமதமாக வந்த நீதி! ஆகையால் எங்களிடமும் பெரிய பட்டியல் போட்டு வாங்கவேண்டாம்.

மிஞ்சிய சோங்பியோனைக் குளிர்சாதனப் பெட்டியில் சாதாரண அடுக்கில் வைத்தால் ஒரே இரவில் கல்லாகிவிடும். வேகவைத்த அன்றே உறையவைத்து, வேண்டும்போது அப்படியே ஆவியில் சூடாக்குங்கள். ஈர மாவும் அப்படித்தான். வாங்கிய அன்று பயன்படுத்தாவிட்டால் உறைபெட்டியில் போடுங்கள், இல்லையேல் புளித்துவிடும்.

அன்புடன்,
கடையினர்