மருந்தடிக்கும் கமக்காரருக்கு விந்தணுப் பரிசோதனையும் ஆலோசனையும் கோரும் மனு

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
கிளிநொச்சி.

மதிப்புக்குரிய ஐயா,

நாங்கள் இரணைமடுக் குளத்து நீரில் பெரும்போகமும் சிறுபோகமும் செய்யும் கமக்காரர்கள். கலியாணம் முடித்துப் பல வருடமாகியும் பிள்ளையில்லாத இளம் குடும்பங்கள் எங்களுக்குள் இருக்கின்றன. எந்த வீட்டிலும் முதலில் பெண்ணைத்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறார்கள். அவளுக்குச் சோதனை எல்லாம் முடிந்து, வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்த பிறகுதான் ஆணைப் பற்றிய பேச்சு எழுகிறது. இது பெரிய அநியாயம்.

நாங்கள் மருந்தடிப்பதை ஒருமுறை வந்து பாருங்கள் ஐயா. முதுகில் 16 லீற்றர் தாங்கி. பழைய தாங்கி என்றால் மூடி இறுகாது. குனியும்போதெல்லாம் கசிந்து, முதுகால் வழிந்து, சாரத்தை இடுப்போடு நனைத்துவிடும். அந்த ஈரத்தோடேயே வேலை முடியும்வரை நிற்கிறோம். விதைப்பைத் தோலோ உடம்பின் மற்ற இடங்களைவிட மிக அதிகமாக நஞ்சை உறிஞ்சக்கூடியது.

பூச்சிநாசினிகள் சிலவும் பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்பீனோல் ஏ, தலேற் போன்றவையும் ஆண் ஹோர்மோனின் வேலையைக் குழப்புகின்றன. விதைப்பைக்குள் இருக்கும் விதையில் ஒட்சியேற்ற அழுத்தத்தையும், அதாவது கலங்களை அரிக்கும் ஒட்சிசன் சேர்வைகளின் தாக்கத்தையும், கூட்டுகின்றன. விந்தணுவின் சவ்வில் எளிதில் ஒட்சியேறும் கொழுப்பு அதிகம், தன்னைக் காக்கும் நொதியங்களோ குறைவு. அதனால் அதன் நீச்சலும் மரபணுவும் பழுதாகின்றன. 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற நூற்புழு மருந்தைத் தயாரித்த தொழிலாளர்கள், தங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்ட பிறகே சோதனை நடந்தது. பலரிடம் விந்தணுவே இருக்கவில்லை. இங்கே அந்தப் பேச்சை எடுக்கவே ஆண்கள் கூசுகிறார்கள்.

இந்தக் கூச்சத்தை வைத்து வியாபாரமும் நடக்கிறது. விற்றமின் சீ, ஈ, நாகம் (சிங்க்), செலெனியம் கலந்த ‘அன்ரிஒக்சிடன்ற்’ (ஒட்சியேற்றத்தைத் தடுக்கும்) குளிசைகளைக் கடன்பட்டு வாங்குகிறார்கள். எலிகளில் இவை இரசாயனப் பாதிப்பைக் குறைத்தது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் 2,370 தம்பதியரைச் சேர்த்து, ஆண்களில் ஒரு பகுதியினருக்கு நாகமும் போலிக் அமிலமும், மற்றவர்களுக்கு வெறும் குளிசையும் கொடுத்துப் பார்த்து 2020இல் வெளியான ஆய்வில், பிள்ளைப்பேறு கூடவில்லை. நஞ்சு தினமும் உடம்பில் ஏறிக்கொண்டிருக்க, குளிசையால் மட்டும் காப்பாற்ற முடியாது. இந்தச் சத்துகள் உள்ள நெல்லிக்காய், கொய்யா, முருங்கையிலை, கச்சான், எள்ளு எல்லாம் எங்கள் வளவிலும் தோட்டத்திலும் கிடைக்கின்றன. யாருக்குச் சாப்பாடு போதும், யாருக்குக் குளிசை தேவை என்று வைத்தியர் சொல்லட்டும், பாமசிக்காரர் அல்ல.

ஆகவே, பிள்ளைக்காகக் கிளினிக்குக்கு வரும் ஒவ்வொரு தம்பதியரிலும் ஆணின் விந்துப் பரிசோதனையும் ஆரம்பத்திலேயே நடக்க ஒழுங்கு செய்யுங்கள். அது இலவசமாக, மறைவான இடவசதியோடு மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். எந்த மருந்தை எத்தனை காலம் அடித்தார் என்பதையும் கேட்டுப் பதியச் சொல்லுங்கள்.

அப்புறம், கையுறை, முகமூடி, இடுப்புக்குக் கீழே கட்டும் நீர் புகாத மறைப்பு ஆகியவற்றைக் கமநல சேவை நிலையங்களில் மானிய விலைக்குத் தரும்படி கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு நீங்கள் எழுதினால் அதற்குப் பலம் உண்டு. புதிய விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் செல்லும். ஆதலால் பிள்ளைக்கு முயற்சி செய்பவர் குறைந்தது மூன்று மாதம் மருந்தடிப்பை வேறொருவரிடம் விடலாமா என்பதையும் வைத்தியரே விளக்க வேண்டும்.

அடுத்த போகக் கூட்டத்துக்கு முன் ஒரு வைத்தியரை எங்களிடம் அனுப்புங்கள். ஆண்கள் மட்டும் இருக்கும் கூட்டமாக ஒழுங்கு செய்வது எங்கள் பொறுப்பு.

இவ்வண்ணம்,
செயலாளர், கமக்காரர் அமைப்பு
(அங்கத்தவர்களின் கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)