ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு நன்றி

பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. ஆனால் நன்றி சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

பென்சிலைக் கையில் கொடுத்தாலே என் மகள் அழுவாள். டீச்சர் அவளை எழுதச் சொல்லி வற்புறுத்தவே இல்லை. முதலில் களிமண் உருட்ட வைத்தார். அப்புறம் மணலில் விரலால் கோடு. "விரலுக்குப் பலம் வரட்டும்மா, எழுத்து தானா வரும்" என்றார். அகர வரிசையில் தொடங்காமல் ட, ப, ம என எளிய கோடுகளில் முடிகிற எழுத்துகளை முதலில் கொடுத்தார். சுழி போடுகிற எழுத்துகள் எல்லாம் பிறகுதான். 'படம்' என்று அவள் தானாகவே எழுதிய அன்று, டீச்சர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு! எத்தனை வருடமாக இதைப் பார்த்து வருகிறவர் அவர்.

மேல் வகுப்புக்குப் போகச் சொன்னபோதெல்லாம் மறுத்துவிட்டாராம். வாசிக்கத் தெரியாமல் வரும் பிள்ளை வாசித்துக்கொண்டே போவதை வேறு எந்த வகுப்பில் பார்க்க முடியும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். டீச்சர், கண்ணில் படும் எழுத்தையெல்லாம் என் மகள் இப்போது சத்தமாக வாசிக்கிறாள். அதற்கு நீங்கள்தான் காரணம். மனமார்ந்த நன்றி.