குரோசஸின் தங்கம் ஆற்றில் அப்படியே கிடைத்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியின் மேற்கிலிருந்த லிடிய நாட்டு மன்னன் குரோசஸ், அங்கே ஓடும் பாக்டோலஸ் ஆற்றில் அள்ளிய தங்கத்தால் செல்வனானான் என்று பொதுவாக எழுதுகிறார்கள். பாதிதான் சரி. வெள்ளி கலந்த வெளிர் தங்கத்தைச் சுத்தமாக்கியதில்தான் அவன் பட்டறையின் கெட்டிக்காரத்தனம். அவன் தலைநகரான சார்டிஸில் 1968-இல் அந்த உலைகளையே தோண்டியெடுத்தார்கள்.

வேலை நம் புடம் போடுதல்தான். தங்கத்தை மெல்லிய தகடாகத் தட்டி, மண் சட்டியில் உப்போடு அடுக்கி, உருகாத சூட்டில் நெடுநேரம் வைப்பார்கள். உப்பின் ஆவி வெள்ளியைத் தின்று சட்டிச் சுவரில் ஏற்றிவிடும். தகடு தடித்தால் நடுவில் வெள்ளி தங்கிவிடும். சூடு மிஞ்சினால் தங்கம் உருகிக் கட்டியாகி உப்பு உள்ளே போகாது. சட்டியில் ஏறிய வெள்ளியை ஈயத்தோடு உருக்கி மீட்டார்கள். இன்று நம் பட்டறைகளில் மூன்று பங்கு வெள்ளி சேர்த்து உருக்கி, வெள்ளியைக் கரைக்கும் திராவகத்தில் போடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிங்கமும் காளையும் எதிரெதிரே நிற்கும் அவன் பொற்காசு முதலில் 10.7 கிராம், பிறகு 8.1. ஏறக்குறைய நம் சவரன்!

வீழ்ச்சிக்குக் காரணம் தங்கமல்ல, அவசரம். பாரசீகரோடு ப்டீரியா என்ற இடத்தில் போரிட்டு, வெற்றி தோல்வியின்றித் திரும்பியவன், குளிர்காலம்தானே என்று கூலிப்படையைக் கலைத்துவிட்டான். பாரசீக மன்னர் சைரஸ் பின்னாலேயே வந்துவிட்டார். அவர் முன்னால் நிறுத்திய ஒட்டகங்களின் வாடையில் லிடியக் குதிரைகள் மிரண்டன. முற்றுகையின் பதினான்காம் நாள் சார்டிஸ் கோட்டை விழுந்தது. இதெல்லாம் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் சொல்வது.

நகைத் தொழிலாளர்கள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்