பொருள்: என் போர்டைக் கரைத்துவிட்ட உங்கள் பழுதுபார்க்கும் பெட்டி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் இணையத்தில் உங்களிடம் 65 வெள்ளிக்கு சர்ஃப் போர்டு பழுதுபார்க்கும் பெட்டி ஒன்று வாங்கினேன். மேலே ‘எல்லா வகை போர்டுக்கும் ஏற்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதை நம்பிக் கெட்டேன்.

நான் இருப்பது பகாங்கில், மெந்தகாப் பக்கம். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும்தான். தோட்டத்துப் பையனுக்கு எதற்கு அலைப்பலகை என்று லயத்திலேயே கேட்டு ஓய்ந்துவிட்டார்கள், நீங்களும் கேட்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் செராத்திங் கடற்கரையில் அலை எழும். போர்டைக் காரின் மேல் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வைப்பேன். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் மேல்தோல் கொப்புளம் போல எழும்பும் என்பதால் வழியில் சாப்பிட இறங்கினாலும் மரநிழல் தேடித்தான் நிறுத்துவேன். பராமரிப்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

போன தடவை இன்னொருவர் போர்டின் அடியிலுள்ள துடுப்பு பட்டு ஓரத்தில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு பொத்தல். நாலு நாள் சாய்த்து வைத்து நீரை வடியவிட்டேன், மணல்தாள் போட்டேன். அப்பா பால்மரம் வெட்டிய காலத்தில் பால் பிடித்த மங்கு ஒன்று வீட்டில் கிடந்தது. அதில்தான் உங்கள் பிசினையும் இறுக்கும் திரவத்தையும் கலந்து ஊற்றினேன். பொத்தல் நிரம்பவில்லை. பிசின் உள்ளே இறங்கிக்கொண்டே போனது, சுற்றியிருந்த நுரை சுருங்கிச் சுருங்கி விலகியது. இப்போது என் கைமுட்டி உள்ளே போகிறது.

என்னுடையது எப்பாக்ஸி பிசின் பூசிய போர்டு. உள்ளே இருப்பது இபிஎஸ், அதாவது மீன் பெட்டி செய்கிற அதே வெள்ளை நுரை. நீங்கள் கொடுத்தது பாலியெஸ்டர் பிசின். அதிலுள்ள ஸ்டைரீன் என்ற ரசாயனம் அந்த நுரையைக் கரைத்துவிடும். பாலியூரித்தேன் நுரை போர்டுக்கு அது சரி. எப்பாக்ஸி பிசின் கொடுத்திருந்தால் இரண்டுக்குமே ஒத்துவந்திருக்கும். ‘பாலியெஸ்டர்’ என்ற சொல் டப்பாவின் அடியில் எறும்பு அளவில் இருந்ததை எல்லாம் முடிந்த பிறகே பார்த்தேன்.

உங்களுக்கு எழுதினால், “நன்றாக மணல்தாள் தேய்த்தீர்களா?” என்று பதில் வருகிறது. மரத்துப் பாலில் ஆசிட் விட்டால் உறையும் என்று எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தான் விற்கும் பிசின் எதைக் கரைக்கும் என்று உங்கள் கம்பெனியில் ஒருவருக்காவது தெரிய வேண்டாமா?

பெட்டிக்குக் கொடுத்த 65 வெள்ளியும், செராத்திங்கில் பழுதுபார்க்கக் கேட்கும் 380 வெள்ளியும் 14 நாட்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவேன். அங்கே மனு போட 5 வெள்ளிதான். ரசீதும் படங்களும் இணைத்துள்ளேன்.

அப்புறம், கையிருப்பில் உள்ள பெட்டிகளில் அந்தக் கொட்டை எழுத்தின் மேல் ஒரு ஸ்டிக்கராவது ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
மெந்தகாப் வாடிக்கையாளர்