சுவருக்கா, தோளுக்கா?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மருத்துவர் சொன்ன பயிற்சிகளைத் தயவுசெய்து விட்டுவிடாதே. உன் மகள் ஓவியக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தி எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. இந்த ஸ்கார்ஃபைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

உன் பெரியம்மா உனக்கென்று விட்டுச்சென்ற, கொக்குப் படம் போட்ட பட்டு ஸ்கார்ஃபைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். எடுத்துக் கட்டிக்கொள். பட்டுக்கு வெளிச்சம் பெரும் பகை. ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் சாயம் வெளுக்கும், இழையும் நைந்துபோகும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் வெளுப்பது தாமதமாகுமே தவிர, நின்றுவிடாது. மாட்டியே தீர வேண்டும் என்றால், பசை தடவ மட்டும் யாரையும் அனுமதிக்காதே. பருத்தித் துணியின் மேல் மெல்லிய இழையால் தைத்துத்தான் சட்டத்துக்குள் வைக்க வேண்டும்.

நீ அனுப்பிய புகைப்படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தைக் கவனித்தாயா? துணி உருண்டு, தட்டையாகாமல் புடைத்து நிற்கிறது. தையல்கள் ஒரே சீராக இல்லை. ஒன்று நெருங்கியும் அடுத்தது சற்றுத் தள்ளியும் விழுந்திருக்கின்றன. ஒருவர் விரலால் சுருட்டிச் சுருட்டித் தைத்தது அது. அந்தச் சுருள் படம் இருக்கும் முன்பக்கம் நோக்கி மடங்கியிருக்கிறது. பிரெஞ்சு நிறுவனமான எர்மேஸின் வழக்கம் அது. வேறு பல நிறுவனங்கள் பின்பக்கமாகச் சுருட்டும். இதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் இஸ்திரி போடும்போது ஓரத்தின் மேல் பெட்டியை வைக்காதே. ஒருமுறை நசுங்கிவிட்டால் அந்தப் புடைப்பு திரும்ப வராது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வலது கீழ்மூலை. புல் தண்டுகளுக்கு நடுவே சில எழுத்துகள் தெரிகின்றன. வரைந்தவரின் பெயராக இருக்கலாம். பூதக்கண்ணாடி வைத்துப் படித்து எனக்கு எழுது. ஸ்கார்ஃப் சேகரிப்பவர்களில் பலர் நிறுவனத்தின் பெயரைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் ஓவியரின் பெயரைத் தேடுகிறேன். நிறுவனத்தின் பெயர் ஆயிரக்கணக்கான ஸ்கார்ஃப்களில் இருக்கும். அந்தக் கொக்கின் கழுத்தை அப்படி வளைத்தவர் ஒரே ஒருவர்தான்.

கெர்மிட் ஆலிவரைப் பற்றி உன் மகளிடம் சொல். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் வேகோ நகரில் அஞ்சல் நிலையத்தில் இரவுப் பணி பார்த்தவர். இரவெல்லாம் கடிதங்களை வகைபிரித்து அடுக்குவார். மற்ற நேரத்தில் ஓவியம் தீட்டுவார். எர்மேஸுக்கு ஸ்கார்ஃப் வரைந்த முதல் அமெரிக்கர் அவர். 1980களில் தொடங்கி, பதினைந்துக்கும் மேற்பட்ட வடிவங்களை அந்த நிறுவனத்துக்கு வரைந்து கொடுத்தார். தன் மண்ணின் விலங்குகளையும் பறவைகளையும் பூக்களையும் பழங்குடி மக்களையும் வரைந்து பாரிசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர், அஞ்சல் வேலையை விடவில்லை. அந்த ஸ்கார்ஃப்களை அணிந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

பெயர் வெளியே வராத இன்னொருவரும் இருக்கிறார்: அந்த ஓவியத்தை நிறம் நிறமாகப் பிரிப்பவர். பிரான்சின் லியோன் நகரைச் சுற்றி இந்த அச்சுத்தொழில் நடக்கிறது. ஒரு நிறத்துக்கு ஒரு திரை, அதாவது சாயம் ஊடுருவி இறங்கும் வலைத்துணிச் சட்டம். முப்பது நிறம் என்றால் முப்பது திரை. ஒரு இறகில் இருக்கும் நான்கு சாம்பல் நிறங்களையும் தனித்தனியே பார்த்து, எந்தக் கோடு எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று அவர் முடிவு செய்ய வேண்டும். ஒரே படத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். பிறகு நீண்ட மேசையில் விரித்த பட்டின் மேல் ஒவ்வொரு நிறமாக இறக்குவார்கள். ஒரு திரை மயிரிழை விலகினாலும் கண்ணின் கருமணி கண்ணை விட்டு வெளியே போய்விடும்! கடைசியில் நீராவியில் வைத்துச் சாயத்தை இழையோடு பிணைப்பார்கள்.

எர்மேஸின் முதல் சதுர ஸ்கார்ஃப் 1937இல் வந்தது. பயணிகளை ஏற்றிச்செல்லும், குதிரை பூட்டிய ஆம்னிபஸ் வண்டிகள்தான் அதன் படம். ஆனால் கதை அந்த ஒரு நிறுவனத்தோடு முடிந்துவிடவில்லை. பிராகிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த துணி உற்பத்தியாளர் ஸிகா ஆஷர், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஓவியர் மத்தீஸ், சிற்பி ஹென்றி மூர் போன்றவர்களிடம் படம் கேட்டு வாங்கிப் பட்டில் அச்சிட்டார். 1947இல் லண்டன் லெஃபெவ்ர் கலைக்கூடத்தில் அவற்றைச் சட்டமிட்டுக் காட்சிக்கும் வைத்தார். (இதைச் சொன்னால் உன் பக்கம் வலுத்துவிடும் என்று தெரியும், இருந்தாலும் உண்மையை மறைக்க மனமில்லை.) அமெரிக்க வடிவமைப்பாளர் வேரா நியூமனோ, போரால் ஏற்பட்ட துணிப் பஞ்சத்தில் பாராசூட்டுக்கான பட்டுத் துணியை வாங்கி அதில் அச்சிட்டார். அவர் கையெழுத்தின் அருகே ஒரு பொறிவண்டு உட்கார்ந்திருக்கும். பழைய பொருட்கள் விற்கும் இடங்களில் அவருடையவை இன்னும் கிடைக்கின்றன. உன் மகள் சேகரிக்க ஆசைப்பட்டால் அங்கிருந்து தொடங்கட்டும்.

ஒரே படம் பல நிறச் சேர்க்கைகளில் வரும் என்பதையும் அவளிடம் சொல். ஒன்றில் பறவை பளிச்சென்று பறக்கும். இன்னொன்றில் பின்புலம் அதை விழுங்கிவிடும். அரிதானது என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாவதை வாங்குவோர் உண்டு. நான் வாங்க மாட்டேன். அணிய ஆசை வராத ஸ்கார்ஃப் என் அலமாரிக்குள் நுழைவதில்லை. விரித்தால் ஒரு படம், மடித்துக் கழுத்தில் கட்டினால் வேறொரு படம். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத்தானே ஓவியர் மூலைகளில் அத்தனை வேலை செய்திருக்கிறார்?

அமிலமில்லாத மென்தாள் சிறிது வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் உனக்கு அனுப்புகிறேன். ஸ்கார்ஃபை அதில் வைத்துத் தளர்வாகச் சுருட்டு. மடித்துத்தான் வைக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் மடிப்பை இடம் மாற்று. வாசனைத் திரவியம் பூசிய உடனே அணியாதே, பட்டில் கறை விழும். அந்தப் பெயரைப் படித்ததும், பாதிதான் புரிந்தாலும் பரவாயில்லை, உடனே எழுது.

அன்புடன்,
உன் தோழி